தற்காப்பு யாருடைய உரிமை?

புளோரிடா மாநிலத்தின் சான்போர்ட் நகரிலே, 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. பதினேழு வயதுக் கறுப்பின மாணவன் ஒருவன் அயலிலுள்ள கடைக்குச் சென்று, ஒரு பொட்டலம் இனிப்பும் ஒரு பேணி பழச்சாறும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். அவன் தங்கியிருந்தது தன் தந்தை மணம்புரியவிருந்த பெண்மணியின் வீட்டில். சட்டையோடு சேர்த்துத் தைத்த தலைமூடியை மழைக்காக இழுத்துவிட்டிருந்தான். மதிலும் வாயிற்கதவும் கொண்ட அக்குடியிருப்பின் அயற்காவற் குழுவிற்கு இணைப்பாளராக இருந்தவர் ஜோர்ஜ் சிம்மர்மன் என்னும் இருபத்தெட்டு வயதினர். அவர் தம் வாகனத்திலிருந்து மாணவனைக் கண்டார், ஐயங்கொண்டார், பொலிஸாருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். மாணவன் ஓடியபோது வாகனத்தை விட்டிறங்கிப் பின்சென்றார். அவ்வாறு பின்செல்ல வேண்டியதில்லை என்று மறுமுனையிலிருந்தவர் கூறினார். சில நிமிடங்களில் இருவரும் கைகலந்தனர். சிம்மர்மனின் கைத்துப்பாக்கி ஒருமுறை வெடித்தது. ட்ரேவொன் மார்ட்டின் என்ற அம்மாணவன், தான் சென்றடைய வேண்டிய வீட்டிலிருந்து நூறு யாருக்கும் உட்பட்ட தொலைவிலே புற்றரையில் உயிர்நீத்தான்.

சிம்மர்மனைப் பொலிஸார் விசாரித்துவிட்டு அன்றிரவே வீட்டிற்கு அனுப்பினர். அவர் தற்காப்புக்காகவே சுட்டதாகக் கூறுகிறார், அதனை மறுக்கும் சான்று தம்மிடம் இல்லை என்று நகரப் பொலிஸ் தலைவர் விளக்கமளித்தார். நாற்பத்து நான்கு நாட்கள் கழிந்தன. நாடெங்கணும் ஊர்வலங்கள் எழுந்த பின்னரே, ஆளுநர் அமர்த்திய சிறப்பு வழக்குத்தொடுநர் ஏப்பிரல் 11ஆம் நாள் கொலைக்குற்றம் சாட்டினார். 2013ஆம் ஆண்டு யூலை 13ஆம் நாள், ஆறு பெண்களைக் கொண்ட யூரர் குழு எதிரி குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளித்தது.

அவ்வாண்டுகளில் நிகழ்ந்த வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. எம்மிடையே ஆசிரியர்கள் கூடும் இடங்களிலும் மாணவர் மன்றங்களிலும் கூட இவ்வழக்குப் பற்றிய பேச்சு எழுவதுண்டு. ஒரு சாரார், பின்செல்ல வேண்டாமெனக் கூறப்பட்டவர் பின்சென்றார், ஆகவே பழி முழுவதும் அவருடையது என்பர். மறுசாரார், தெருவிலே ஒருவரைப் பின்தொடர்வது குற்றமன்று, முதலடி அடித்தவனே பொறுப்பாளி என்பர். இரு சாராரும் அந்த இரவின் சில நிமிடங்களுக்குள்ளேயே நின்று வாதிடுகின்றனர். அந்நிமிடங்களைப் பற்றி நாம் அறிந்தவற்றை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுதல் வேண்டும். முற்போக்காளர் தமக்கு ஒவ்வாத சான்றுகளை மறைத்துப் பேசுவதால் எவருக்கும் பயனில்லை.

சிம்மர்மனின் மூக்கிலும் பின்மண்டையிலும் காயங்கள் இருந்தன. கருநிற உடையணிந்தவர் மேலேயும் மற்றவர் கீழேயும் கிடந்ததைத் தாம் கண்டதாக அயலவர் ஒருவர் சாட்சியமளித்தார். தாம் வாகனத்திற்குத் திரும்பிச் சென்றுகொண்டிருந்தபோது மாணவன் தம்மைத் தாக்கித் தம் தலையைச் சீமெந்து நடைபாதையில் மோதினான் என்பது சிம்மர்மனின் கூற்று. மாணவனுடன் அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த தோழி கூறியது வேறு: யாரோ ஒருவர் தன்னைப் பின்தொடர்வதாக அவன் அஞ்சினான், ஏன் பின்தொடர்கிறீர் என்று அவன் வினவியதும் மறுகுரல் ஒன்று, இங்கு உனக்கு என்ன வேலை என்று கேட்டதும் தனக்குக் கேட்டன, பின்னர் தொடர்பு அறுந்தது. அயலவர் ஒருவர் பொலிஸாரை அழைத்த அழைப்பிலே, உதவி வேண்டி அலறும் குரலொன்று பதிவாகியிருந்தது. மன்றிலே மார்ட்டினின் தாய் அதனைத் தன் மகனின் குரல் என்றார். சிம்மர்மனின் தாயும் தன் மகனின் குரல் என்றார். ஒரே ஓலத்தை இரு தாய்மாரும் தத்தம் பிள்ளையுடையதெனக் கொண்ட அக்காட்சியைப் பற்றி வாசித்தபோது, இவ்வழக்கில் எத்தரப்பினரையும் எளிதில் இகழ்ந்துவிட எமக்கு மனம் வரவில்லை.

தற்காப்பு எனும் எதிர்வாதம் எழுந்தால், அது தற்காப்பன்று என்பதை நியாயமான ஐயத்திற்கு அப்பால் எண்பிக்கும் சுமை அரசுத் தரப்பையே சார்வது புளோரிடாச் சட்டம். கண்கண்ட சாட்சியம் முறிந்துமுறிந்து கிடக்க, மறுபக்கக் கதையைச் சொல்ல வேண்டியவன் மண்ணுக்குள் கிடக்க, இச்சுமையை அரசுத் தரப்பு தாங்கியிருக்க இயலுமா என்பது ஐயமே. யூரருள் ஒருவர் பின்னர் தொலைக்காட்சியிற் கூறியபடி, முதல் வாக்கெடுப்பிலே அறுவருள் மூவர் எதிரி ஏதோ ஒரு வகையிற் குற்றவாளி என்றே கருதினர். பதினாறு மணிநேரத்துக்கு மேற்பட்ட கலந்தாய்வின் பின் அம்மூவரும் சட்டத்தின் வாசகத்திற்குத் தலைவணங்கினர். ஆகவே யூரரைப் பழிப்பதில் நமக்கு அக்கறையில்லை. அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட சட்டம் எங்கிருந்து வந்தது, யாருக்காக ஆக்கப்பட்டது, அது எந்தக் கணத்திலிருந்து நிகழ்ச்சியைக் காணத் தொடங்குகிறது என்பவையே வரலாறு பயில்வோர் கேட்க வேண்டிய வினாக்கள்.

பழைய ஆங்கிலப் பொதுச்சட்டம் தற்காப்பினை ஐயக்கண்ணோடு நோக்கியது. தாக்கப்பட்டவன் தன் முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்குதல் வேண்டும். அதன் பின்னரே கொல்லலாம். அவ்வாறு கொன்றவனும் இடைக்காலத்தில் அரசனிடம் மன்னிப்புப் பெற வேண்டியவனாகவும் தன் பொருள்களை இழப்பவனாகவும் இருந்தான். குடிமகனின் உயிர் அரசனுக்குரியது. அதனைப் போக்கும் அதிகாரமும் அரசனுக்கே உரியது என்பது அக்காலக் கொள்கை. வீடு மட்டும் விலக்கு. 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கிலே, ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை போன்றது எனும் கோட்பாடு உறுதிபெற்றது. தன் வீட்டு வாயிலில் நிற்பவன் மேலும் பின்வாங்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் 1883இல் இலங்கைக்கு ஆக்கித் தந்த தண்டனைச் சட்டக் கோவையிலும் இம்மரபின் சாயல் உண்டு. பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரமிருக்குமாயின் தற்காப்புரிமை எழாது என்று அது விதிக்கின்றது. சிம்மர்மன் பின்தொடரத் தொடங்கிய கணத்தில் அவர் காதருகே இருந்த தொலைபேசியில் பேசியவர் பொலிஸ் நிலையத்து அலுவலர் என்பதையும், சுட்டுச் சில நிமிடங்கள் கழியுமுன் பொலிஸார் அவ்விடம் வந்து சேர்ந்தனர் என்பதையும் இங்கு நினைவுகொள்ளுதல் தகும்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இச்சட்டம் இரண்டாகப் பிளந்தது. வெள்ளையருக்கு ஒன்று, அடிமைகளுக்கு மற்றொன்று. வேர்ஜீனியாவின் சட்டசபை 1669இல், தண்டிக்கும்போது அடிமை இறந்துபட்டால் எசமானன் கொலைக்குற்றவாளியாகான் என விதித்தது. 1680இல் அதே சபை, கிறித்தவர் ஒருவருக்கு எதிராகக் கையை ஓங்கும் கறுப்பனுக்கு முப்பது கசையடி என்றது. தன்னை அடிப்பவனைத் தடுக்கக் கையுயர்த்துவதே குற்றமாயிற்று. தென் கரோலினாவில் 1704இல் அடிமைகளைக் கண்காணிக்கும் சுற்றுக்காவற் படை சட்டப்படி அமைந்தது. இராக்காலத்திற் சாலையில் காணப்படும் கறுப்பரை மறித்து, நீ யார், இங்கு உனக்கு என்ன வேலை, சீட்டு எங்கே என வினவும் அதிகாரம் இத்தகைய படைகளில் இடம்பெற்ற சாதாரண வெள்ளைக் குடிமக்களுக்கு வழங்கப்பட்டது. சான்போர்ட்டில் அந்த இரவு எழுந்த கேள்வி இதனை அப்படியே ஒத்ததெனக் கூறின் அது மிகையாகும். சிம்மர்மனின் தாய் பெரு நாட்டவர். அவர் அடிமைக்காவலரின் வழித்தோன்றலல்லர். ஆனால் ஒரு சமூகம் நூற்றாண்டுக்கணக்கிற் பழகிய வினா, அதனைக் கேட்பவனின் பிறப்பைப் பார்த்து அவன் வாயில் வருவதில்லை.

மிசூரி மாநிலத்தில் 1855ஆம் ஆண்டு நிகழ்ந்த வழக்கொன்று சட்டத்தின் இவ்விரட்டை முகத்தைத் தெளிவாகக் காட்டும். செலியா என்ற அடிமைப்பெண்ணை றொபேட் நியூசம் என்ற கமக்காரர் 1850இல், அவள் பதினான்கு வயதளவினளாக இருந்தபோது, விலைக்கு வாங்கி ஐந்தாண்டுகள் தொடர்ந்து வன்புணர்ந்து வந்தார். 1855 யூன் மாதத்தில் ஓரிரவு அவர் மீண்டும் அவளது குடிசைக்கு வந்தபோது அவள் தடியால் அடித்தாள்; அவர் மாண்டார். தன்னைக் கெடுக்க முயல்வோனை எந்தப் பெண்ணும் எதிர்க்கலாம் என்று மிசூரிச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. எந்தப் பெண்ணும் என்ற சொற்களுக்குள் செலியாவும் அடங்குவாள் என்று அவளுக்காகத் தோன்றிய சட்டத்தரணிகள் வாதித்தனர். அவ்வாறு யூரருக்கு அறிவுறுத்த நீதிபதி மறுத்துவிட்டார். அவ்வாண்டு டிசெம்பர் 21ஆம் நாள் அவள் தூக்கிலிடப்பட்டாள்.

அடிமைமுறை ஒழிந்தபின் தென்மாநிலங்கள் இயற்றிய கறுப்பர் சட்டங்களுள், அவர்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தவை பல. புளோரிடாவும் அவ்வாறு செய்தது. மறுபுறத்தே, வெள்ளையரின் தற்காப்புரிமையோ விரிந்துகொண்டு சென்றது. ஒகாயோ உயர்மன்று 1876இலும் இந்தியானா உயர்மன்று 1877இலும், குற்றமற்ற ஆண்மகன் தாக்குதலின் முன் ஓட வேண்டியதில்லை எனத் தீர்த்தன. பின்வாங்குதல் அமெரிக்கரின் மனப்போக்குக்கு ஒவ்வாது என்பது அவை கூறிய காரணம். 1895இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்று பியர்ட் என்பவரின் வழக்கில் இதனை ஏற்றது. அது ஒரு பசுவின் பொருட்டு எழுந்த பூசல். நிகழ்ந்த இடமோ செவ்விந்தியருக்கென ஒதுக்கிய நிலப்பகுதி. இவ்வடமாநில மன்றுகள் கறுப்பரை மனத்திற் கொண்டுதான் தீர்த்தன என்று கூற இடமில்லை. எனினும் 1877, தென்மாநிலங்களைக் காத்துநின்ற கூட்டரசுப் படையினர் அப்பணியிலிருந்து விலக்கப்பட்டுக் கறுப்பின மக்கள் கைவிடப்பட்ட ஆண்டு என்பதை எவரும் மறவார். ஓடாமல் நிற்கும் உரிமை ஏட்டில் எல்லோருக்கும் பொதுவாயிற்று. அதனைப் பயன்படுத்திய கறுப்பருக்கு நேர்ந்தது யாதென அறிய, நாம் டெட்ரோயிட் நகருக்குச் செல்லுதல் வேண்டும்.

ஒசியன் ஸ்வீட் பிறந்ததும் புளோரிடாவிலேதான்; பார்ட்டோ என்ற சிற்றூர். அடிமைகளின் பேரன். சிறுவயதிலே தம் ஊரருகே கறுப்பர் ஒருவர் வெள்ளையர் கும்பலால் உயிரோடு எரிக்கப்பட்டதைப் பதுங்கியிருந்து கண்டதாக அவர் பின்னர் கூறினார். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, வியன்னாவிலும் பாரிசிலும் மேற்பயிற்சி பெற்று, டெட்ரோயிட்டில் தொழில் நடத்தினார். ஃபோர்டு முதலியோரின் மோட்டார்த் தொழிற்சாலைகளை நாடித் தென்மாநிலக் கறுப்பினத் தொழிலாளரும் வெள்ளைத் தொழிலாளரும் ஒருங்கே வந்து குவிந்த நகர் அது. வீடுகளோ போதா. 1924இல் கு குளுக்ஸ் கிளான் இயக்கம் ஆதரித்த வேட்பாளர் நகர முதல்வர் பதவியை ஏறத்தாழப் பிடித்தேவிட்டார். 1925 யூன் மாதத்திலே வேறொரு கறுப்பின மருத்துவர் தாம் வாங்கிய வீட்டிலிருந்து கும்பலால் விரட்டப்பட்டார். இவற்றையெல்லாம் அறிந்தே ஸ்வீட், கார்லண்ட் வீதியில் 18,500 டொலருக்கு ஒரு வீடு வாங்கினார். அவர் வரவிருப்பதை அறிந்த அயலவர் கூடி, வோட்டர்வேர்க்ஸ் பார்க் மேம்பாட்டுச் சங்கம் எனத் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். மேம்பாடு என்பது கறுப்பரை அண்டவிடாமை என்று பொருள்படும். அச்சங்கத்தினர் செல்வரல்லர், தொழிலாளரும் சிறு வருவாயினருமே. கடன்பட்டு வாங்கிய வீட்டின் விலை சரிந்துவிடும் என்ற அச்சம் அவர்களை ஆட்டிப்படைத்தது.

செப்டெம்பர் 8ஆம் நாள் ஸ்வீட் குடிபுகுந்தார். மனைவி கிளாடிஸ், உடன்பிறந்தார் இருவர், நண்பர் சிலர், துப்பாக்கிகள் ஆகியவற்றோடு. மறுநாளிரவு வீட்டின் முன் பெருங்கூட்டம் திரண்டது. பொலிஸார் வீதியில் நின்றுகொண்டிருந்தனர். கற்கள் வீழ்ந்தன, யன்னற் கண்ணாடி உடைந்தது. மேன்மாடத்திலிருந்து வேட்டுகள் கிளம்பின. வீதிக்கு அப்பால் நின்ற லியோன் பிரைனர் என்பவர் முதுகிலே குண்டு பாய்ந்து இறந்தார், இன்னொருவர் காயமுற்றார். வீட்டிலிருந்த பதினொருவரும் கைதாயினர். கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. சிம்மர்மனுக்குக் கிடைத்த நாற்பத்து நான்கு நாட்கள் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மணிநேரந்தானும் கிடைக்கவில்லை.

கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் கிளாரன்ஸ் டாரோ என்ற புகழ்பெற்ற சட்டத்தரணியை அமர்த்தியது. வீதியில் கூட்டமே இருக்கவில்லை, அங்குமிங்கும் சிலரே நின்றனர் என அரசுத் தரப்புச் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக ஒப்புவித்தனர். இளஞ்சாட்சி ஒருவன் வாய் தவறிப் பெருங்கூட்டம் என்று சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொள்ள, டாரோ அவனைப் பற்றிக்கொண்டார். பொலிஸார் சொல்லிக்கொடுத்த பாடம் வெளிப்பட்டது. ஆயினும் இவ்வழக்கின் உயிர்நாடி அக்குறுக்கு விசாரணையன்று. ஸ்வீட் சாட்சிக்கூண்டில் ஏறி, தாம் ஏன் அஞ்சினார் என்பதைச் சொல்ல முற்பட்டபோது அரசுத் தரப்பு தடை எழுப்பியது. பார்ட்டோவில் சிறுவனாகக் கண்டதும், 1919இல் வாஷிங்டன் வீதிகளிலும் ஆர்கன்சா மாநிலத்து எலெய்ன் பகுதியிலும் நிகழ்ந்ததும், 1921இல் துல்சா நகரிலே பெயர்பெற்ற கறுப்பின மருத்துவர் ஒருவர் கைகளை உயர்த்தியபடி சுடப்பட்டதும் இக்கொலைக்கு எவ்வாறு பொருந்தும் என அது கேட்டது. நீதிபதி பிராங்க் மர்பி தடையை ஏற்கவில்லை. எதிரியின் மனநிலையே வழக்கின் வினாவாதலின், அம்மனநிலையை ஆக்கிய வரலாறு பொருத்தமான சான்றேயாகும் என அனுமதித்தார். ஒரு கறுப்பனின் இனம் பட்ட பாடு முழுவதும் அன்று மன்றின் பதிவேட்டில் ஏறியது. முதல் விசாரணையில் யூரர் உடன்பாடு காணவில்லை. 1926 மே 13ஆம் நாள், தாம் சுட்டதாக ஒப்புக்கொண்ட தம்பி ஹென்றி ஸ்வீட்டை வெள்ளையர் மட்டுமே கொண்ட யூரர் குழு விடுவித்தது. பின்னர் ஏனையோர் மீதான வழக்கும் கைவிடப்பட்டது.

இவ்வெற்றியைக் கொண்டாடுவோர் அதன் விலையையும் அறிதல் வேண்டும். ஸ்வீட்டின் குழந்தையும் மனைவியும் சில ஆண்டுகளுக்குள் காசநோயால் மாண்டனர். சிறையிருந்த நாட்களிலேயே கிளாடிசுக்கு அந்நோய் தொற்றியது எனக் குடும்பத்தார் நம்பினர். 1960இல் ஒசியன் ஸ்வீட் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். பிரைனரும் ஒரு குடும்பத்தின் தலைவர். அவர் கல்லெறிந்தார் என்பதற்குச் சான்றில்லை.

இங்கே நேர்மையான வாசகர் ஒருவர் எம்மை மடக்கக்கூடும். ஸ்வீட்டின் அச்சத்தை வரலாற்றால் நியாயப்படுத்துவீராயின், சிம்மர்மனின் அச்சத்தையும் அவ்வாறே நியாயப்படுத்தலாகாதோ? அக்குடியிருப்பில் வீடுடைப்புகள் நிகழ்ந்திருந்தன. ஐயத்திற்குரியோருள் கறுப்பின இளைஞரும் இருந்தனர் என்பது மெய். இவ்வினா எளிதன்று. 1984இல் நியூயோர்க் நிலக்கீழ்ப் புகைவண்டியில் பேர்ன்ஹாட் கெட்ஸ் என்பவர் தம்மிடம் ஐந்து டொலர் கேட்ட கறுப்பின இளைஞர் நால்வரைச் சுட்டபோதும் இதே வினா எழுந்தது. சுட்டவன் மனத்தளவில் அஞ்சினான் என்பது போதாது, நியாயமுள்ள மனிதனும் அவ்வாறு அஞ்சியிருப்பானா என்று பார்த்தல் வேண்டும் என அம்மாநிலத்தின் மேன்முறையீட்டு உயர்மன்று 1986இல் விதித்தது. மறு ஆண்டு யூரர் அவரைக் கொலைமுயற்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தனர். நியாயமுள்ள மனிதன் யார், அவன் எத்தெருவில் வாழ்கிறான், எந்தச் செய்தித்தாளை வாசிக்கிறான் என்பதை உயர்மன்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

எம் விடை இதுவே. ஸ்வீட் தம் வீட்டினுள் இருந்தார்; கூட்டம் அவரை நாடி வந்தது; அவர் அஞ்சியது அக்கூட்டத்தின் செயலைக் கண்டு, அத்தகைய கூட்டங்கள் ஏலவே செய்தவற்றை அறிந்து. சிம்மர்மன் தம் வாகனத்தை விட்டிறங்கி இருளினூடே ஒருவனை நாடிச் சென்றார். அவனோ கையில் இனிப்புப் பொட்டலத்தோடு நடந்ததன்றி யாதொன்றும் செய்திருக்கவில்லை. வரலாறு ஒருவனின் அச்சத்தை விளக்கக்கூடும். அவ்வச்சத்தோடு மற்றவனைத் துரத்தும் உரிமையைத் தராது.

கறுப்பினத்தார் தற்காப்புரிமையைக் கூட்டாகக் கையாண்ட போதெல்லாம் அரசு எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்குக் கலிபோர்னியாவே போதும். 1966இல் ஓக்லண்ட் நகரில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர், சட்டம் அனுமதித்தபடி வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திப் பொலிஸாரின் பின்னே சென்று அவர்கள் நடத்தையைக் கண்காணித்தனர். அதுவும் ஓர் அயற்காவலேயாம். மறு ஆண்டே சட்டசபை குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடைசெய்தது. ஆளுநராக இருந்த றொனால்ட் ரேகன் கையொப்பமிட்டார்.

இனிச் சான்போர்ட்டுக்கு மீள்வோம். அந்நகர் ஹென்றி ஷெல்ட்டன் சான்போர்ட் என்ற செல்வரின் பெயரைத் தாங்கியது. பெல்ஜியத்தில் அமெரிக்கத் தூதராக இருந்த அவர், லியோபோல்ட் மன்னனின் கொங்கோ உரிமைக்கோரலை 1884இல் அமெரிக்கா ஏற்கும்படி செய்வதில் முன்னின்றவர். இறப்பர்க் கூடைகளுக்காகக் கொங்கோ மக்கள் கைகள் வெட்டுண்டது பின்னைய கதை. நகரை அடுத்து 1891இல் கோல்ட்ஸ்பரோ என்ற தனி நகரினைக் கறுப்பின மக்கள் தாமே அமைத்தனர். தமக்கென நகரசபையும் பொலிஸாரும் கொண்டிருந்தனர். 1911இல் சான்போர்ட்டின் அரசியல்வாதிகள் மாநிலச் சட்டசபையின் துணையோடு அந்நகராட்சியைக் கலைத்துத் தம்மோடு இணைத்துக்கொண்டனர். 1946இல் ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பினத் தளப்பந்தாட்ட வீரர் பயிற்சிக்காக அங்கு வந்தபோது, மிரட்டலின் பொருட்டு ஊரைவிட்டு அகல நேர்ந்தது. மார்ட்டின் கொலைக்குப் பின் முதற் குரல் எழுப்பியோருள் கோல்ட்ஸ்பரோ மக்களும் அடங்குவர். அவர்களுக்கு அது 2012இல் தொடங்கிய கதையன்று.

மாணவன் மாண்ட குடியிருப்போ மிக அண்மையில் எழுந்தது. வீட்டுக்கடன் பெருகிய ஆண்டுகளில் கட்டி விற்கப்பட்ட வீடுகள். 2008இன் நெருக்கடியில் அவற்றின் விலை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. பலர் வீடிழந்தனர், வீடுகள் வாடகைக்கு விடப்பட்டன, முகமறியாதோர் வந்துபோயினர். அங்கு வெள்ளையரும் ஸ்பானிய மொழியினரும் கறுப்பரும் கலந்தே வாழ்ந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது. அவர்களுடைய சேமிப்பைப் பறித்தவை வங்கிகள். வங்கியைக் காவல் காக்க எந்த அயற்காவற் குழுவாலும் இயலாது. தெருவில் நடக்கும் இளைஞனைக் காவல் காக்க இயலும். 2011 செப்டெம்பரில் குழு அமைந்தது. இத்தகைய குழுக்கள் 1972 முதல் மாவட்டக் காவலதிகாரிகளின் தேசியச் சங்கத்தால் ஊக்குவிக்கப்பட்டவை. கண்டதை அறிவியுங்கள், பின்தொடராதீர்கள், ஆயுதம் ஏந்தாதீர்கள் என்பது அவற்றுக்குரிய அறிவுரை. ஆனால் மறைவாகத் துப்பாக்கி ஏந்தும் அனுமதியைப் புளோரிடா 1987 முதலே தாராளமாக வழங்கிவந்தது. 2005இல் துப்பாக்கிச் சங்கத்தின் முயற்சியால், சட்டப்படி இருக்கத்தக்க எவ்விடத்திலும் பின்வாங்காது நின்று சுடலாம் என்ற சட்டமும் நிறைவேறியது. வீட்டிற்குரிய கோட்டை உரிமை தெருவுக்கு வந்துவிட்டது. துப்பாக்கியோடு செல்பவன் தன் கோட்டையைத் தன்னோடு சுமந்து செல்கிறான்.

சிம்மர்மன் தரப்பினர் அச்சட்டத்தின் கீழ் விசாரணைக்கு முந்திய விலக்குரிமையை நாடவில்லை. ஆகவே இவ்வழக்கிற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பர் சிலர். எதிரி பின்வாங்கக் கடப்பாடுடையவரல்லர் என்ற வாசகம் யூரருக்குக் கொடுத்த அறிவுறுத்தலிலே இருந்தது. முதலில் சண்டையைத் தூண்டியவருக்குத் தற்காப்புரிமை குறையும் என்ற விதியை அறிவுறுத்தலில் சேர்க்க அரசுத் தரப்பு கோரியது, மன்று மறுத்தது. இனங்காட்டி ஐயுறுதல் என்ற சொற்றொடரையும் அரசுத் தரப்பு தன் தொடக்கவுரையிற் பயன்படுத்தலாகாது எனப்பட்டது. மர்பி 1925இல் திறந்துவிட்ட கதவு இவ்வாறு மீண்டும் சாத்தப்பட்டது. எஞ்சியது சீமெந்து நடைபாதையில் நிகழ்ந்த ஒரு நிமிடக் கைகலப்பு மட்டுமே. எதிர்தரப்புச் சட்டத்தரணி சீமெந்துக் கட்டியொன்றை யூரர் முன் கொணர்ந்து, மாணவன் ஆயுதமற்றவனல்லன், இதுவே அவன் ஆயுதம் என்றார். நடைபாதையும் ஆயுதமாயிற்று. அவன் அணிந்த தலைமூடியும் அவன் சாவுக்குப் பொறுப்பு என்று தொலைக்காட்சியில் ஒருவர் ஏலவே கூறியிருந்தார்.

ஒரு வினாவை மட்டும் மன்று ஆராயவில்லை. மாணவனும் அந்நடைபாதையில் நிற்க உரிமையுடையவனே. முன்பின் அறியாத ஒருவர் இரவில் முதலில் வாகனத்திலும் பின்னர் காலாலும் தன்னைத் தொடர்வதைக் கண்டு அஞ்சினான். நின்று எதிர்க்கும் உரிமை அவனுக்கும் உண்டல்லவா? அவனே முதலில் அடித்தான் என்று கொண்டாலும், அவ்வுரிமையை அவன் பயன்படுத்தியதாக ஏன் கொள்ளலாகாது? தீர்ப்பிற்கு ஆறு நாட்களின் பின் அதிபர் ஒபாமாவும் ஏறக்குறைய இதனையே கேட்டார். இருவருக்கும் ஒரே உரிமை உண்டெனில், எஞ்சி உயிரோடிருப்பவனே சட்டத்தின் முன் தற்காத்தவன் ஆகிறான். புளோரிடாவின் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அச்சட்டத்தின் பின் அம்மாநிலத்திற் கொலைகள் ஏறத்தாழ 24 சதவீதம் பெருகின என 2017இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று கண்டது.

அதே மாநிலத்தில் மரிசா அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பெண், தன்னைத் துன்புறுத்திவந்த கணவரை அச்சுறுத்த 2010இல் ஒரு வேட்டுத் தீர்த்தார். எவருக்கும் காயமில்லை. பின்வாங்காமைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு மறுக்கப்பட்டு, 2012இல் இருபதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர், சிம்மர்மன் மீது குற்றஞ்சாட்டிய அதே அதிகாரியேயாவார். மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளுபடியாகி, உடன்பாட்டின் பேரில் 2015இல் அவர் சிறைமீண்டார். செலியாவின் வழக்கினை நினையாமல் இதனை வாசிக்க எம்மால் இயலவில்லை.

சட்டம் நிகழ்ச்சியின் தொடக்கத்தைச் சற்றே முன்னகர்த்தினால் யாது விளையும் என்பதை ஜோர்ஜியா காட்டியது. 2020 பெப்ரவரி 23ஆம் நாள் அஹ்மோட் ஆர்பெரி என்ற இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞர் பிரன்ஸ்விக் நகரருகே ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருக்க, வெள்ளையர் மூவர் வாகனங்களில் துரத்தி மறித்தனர்; ஒருவர் சுட்டுக் கொன்றார். திருடன் என ஐயுற்றோம், துப்பாக்கியைப் பற்றினான், தற்காத்தோம் என்றனர். எழுபது நாட்களுக்கு மேல் கைதில்லை. காணொளி வெளிவந்த பின்னரே கைதாயினர். துரத்தலைத் தொடங்கியோர் தற்காப்பை நாட முடியாது என்ற வாதத்தை அரசுத் தரப்பு யூரர் முன் வலியுறுத்தியது. 2021 நவம்பர் 24ஆம் நாள் மூவரும் கொலைக்குற்றவாளிகளாயினர். அவர்கள் சார்ந்து நின்ற, குடிமகன் தானே கைதுசெய்யலாம் எனும் சட்டம் 1863இல், தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்கவும் உதவிய காலத்தில் எழுதப்பட்டது. தீர்ப்பிற்குச் சில மாதங்கள் முன்னரே, 2021 மே மாதத்தில், ஜோர்ஜியா அதனை நீக்கிவிட்டது.

புளோரிடாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. 2017இல் அம்மாநிலச் சட்டசபை அதனைத் திருத்தியது. விசாரணைக்கு முந்திய நிலையிலேயே, சுட்டவர் தற்காப்புக்காகச் சுடவில்லை என்று எண்பிக்கும் சுமையை அத்திருத்தம் அரசுத் தரப்பின்மேல் ஏற்றியது.